கணக்கில் கூடியவை

அழுகிய வாழைப்பழத்தில்
இரண்டு கரண்டி பனங்கள் விட்டுப் பிசைந்து
மூன்று நாள் மூடி வைத்தால்
முகம் சுளிக்கும் ஒரு வாடை வரும்.
அதுதான் எங்கள் அழைப்பிதழ்.

செராம் தீவின் இந்தச் சரிவில்
வலைக்கூண்டுகளை நான் கட்டுகிறேன்,
ஒக்டோவினா குறித்துக்கொள்கிறாள்.
மற்ற நேரம் நடந்துகொண்டே எண்ணுவோம்.
அம்போன் நகரத்துக்காரி. பிரம்பு முள் கிழித்தால்
உரக்கத் திட்டுவாள்.
சிறகைப் பிடிக்கும்போது மட்டும்
மூச்சுக்கூட விடமாட்டாள்.

இதே காட்டில் ஏழு வருஷம்
சங்கிலி ரம்பம் பிடித்தவன் நான்.
முதல் நாளே சொல்லிவிட்டேன்.
"அப்படியானால் எது எங்கே நின்றது என்று தெரியும்"
என்றாள், பென்சிலைச் சீவியபடி.

தெரியும்.
நாலு பேர் கைகோத்தாலும் எட்டாத மெராந்தி.
வெட்டுவாயில் குங்கிலியம் கசிந்து
ரம்பத்தின் பல்லில் அப்பும்,
மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பேன்.
அது தனியாக விழாது.
கொடியால் கட்டுண்ட சுற்றம் பத்தையும்
கூடவே இழுத்துக்கொண்டு விழும்.
பிறகு, ஓடு பிரிந்த வீட்டுக்குள் போல,
வெயில்
தரைவரை வந்து நிற்கும்.

வெட்டிய இடத்தில் முப்பத்தொரு வகை.
வெட்டாத இடத்தில் இருபத்திரண்டு.

கம்பெனி ஆள் பாஸ்தியான் தாளைப் பார்த்தான்,
தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டான்.
"காட்டுக்கு ஜன்னல் வைத்துக் கொடுத்திருக்கிறோம்.
ஒன்பது கூடுதல்!"
கெட்டவன் இல்லை.
அவனுக்குக் கழித்தல் நன்றாக வரும்.

இரவு, பேட்டரி விளக்கடியில்
ஒக்டோவினா பட்டியலை வாசித்தாள்.
இந்த மஞ்சள், துறைமுகத்தில் மீன்கூடை மேல் பறப்பது.
இது மசோஹி ஆஸ்பத்திரியின் எலுமிச்சை வேலியில் முட்டையிடுவது.
இவை ரோடு போட்ட இடமெல்லாம்
ரோட்டோடு வருபவை,
நூடுல்ஸ் பொட்டலம் மாதிரி.

பக்கத்தைத் திருப்பினாள்.
வெட்டாத காடு.
பழுப்பு. பழுப்பு. மறுபடி பழுப்பு.
சருகில் உட்கார்ந்தால் சருகு.
முழங்காலுக்கு மேலே ஏறாதவை.
உச்சிவேளையிலும் அந்தி கேட்பவை.
ஒன்றுக்குச் சிறகின் அடியில் ஒரு கண்,
கண்ணுக்குள் தூசியளவு நீலம்.
"இது உலகத்தில் இந்தத் தீவில் மட்டும்தான்."
அடுத்த தீவுக்குப் போகாதா என்றேன்.
"கடலா? லாரித் தடத்தையே தாண்டாது."

நான் பார்த்திருக்கிறேன் அதை,
பெயர் தெரியாத நாட்களில் அல்ல, போன வாரம்.
நிழல் முடிகிற கோடுவரை வந்தது,
சுவரில் முட்டியதுபோல் திரும்பியது.
ஏழு வருஷத்தில் ஒருமுறையும் கண்டதில்லை.
அண்ணாந்தே நடந்தவன்,
விழும் கிளைக்குப் பயந்து.

இன்று ஒன்பதாம் கூண்டு.
வெட்டிய பகுதியின் நட்டநடுவில்
ஒரு மெராந்தி மட்டும் நிற்கிறது.
அதன் நிழலில்,
கூண்டின் மூலையில் சிறகு மடித்து,
பழுப்பு.
ஒக்டோவினா திருப்பிப் பார்த்தாள்.
நீலம் இருந்தது.

"இதை ஏன் விட்டுவைத்தாய்?"
மரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

சொல்ல ஆசையாகத்தான் இருந்தது,
மனசு வரவில்லை என்று.
கோடாரிக் காம்பால் தட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.
உள்ளே பறைபோல் அதிர்ந்தது.
பொந்து. காசுக்கு ஆகாத கட்டை.
இரக்கம் என்று எழுதிவிடாதே என்றேன்.

அவள் எழுதியது:
கூண்டு ஒன்பது. நிழல். ஒன்று.

முப்பத்தொன்றில் அதுவும் சேர்த்தி.
பாஸ்தியானின் தாளில்
ஆஸ்பத்திரி வேலிக்காரனும் ஒன்று,
இதுவும் ஒன்று.

வலையின் வாயைத் திறந்துவிட்டேன்.
போகவில்லை.
கள் குடித்த பூச்சி,
என் விரலில் பிசுபிசுத்த பழத்தின் மேல்
நாக்கை நீட்டி
சாவகாசமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது.